நல்ல பொலிகாளை எது? மகள் பசுக்களின் பால் கணக்கே பதில்

திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, மழை பொய்த்த ஆண்டிலும் கைக்குக் காசு வரும் வழி பால்தான். சோளமும் கடலையும் காலை வாரினாலும், பால் சொசைட்டிப் பணம் வீட்டுச் செலவைத் தாங்குகிறது. ஆகவே மாடு பருவத்துக்கு வந்ததும் கால்நடைக் கிளை நிலையத்துக்கு ஓட்டிச் சென்று சினை ஊசி போட்டு வருவதில் யாரும் சோம்பல் காட்டுவதில்லை.

ஊசி போடுபவரிடம், "ஜெர்சிதானே?" என்று கேட்பவர்கள் பலர். "எந்தக் காளையின் விந்து?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நான்கு ஆண்டு உழைப்பின் பலன் அடங்கியிருக்கிறது. இன்று போடும் ஊசியில் கிடேரிக் கன்று பிறந்தால், அது வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினை பிடித்து, தலையீத்து ஈன்று பால் கறக்க மூன்றரை முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை தீவனம் போட்டு வளர்த்த பிறகு, "இது தாயை விடக் குறைவாகக் கறக்கிறதே" என்று தெரிந்தால் போன காலம் திரும்பி வராது.

கன்றின் பிறவிக் குணத்தில் பாதி தாய் தருவது. பாதி தகப்பன் தருவது. தாய்ப் பசு தன் வாழ்நாளில் ஐந்தாறு கன்றுகள் போடும். ஒரு பொலிகாளையின் உறைவிந்தோ ஆயிரக்கணக்கான கொட்டகைகளுக்குப் போய்ச் சேருகிறது. எனவே காளையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு ஒரு வீட்டோடு நிற்காது. வட்டாரம் முழுவதும் பரவும்.

காளை பால் கறப்பதில்லை. அப்படியானால் அதன் பால் குணத்தை எப்படி எடைபோடுவது? இதற்குக் கால்நடை விஞ்ஞானிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கணக்கு முறைகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் எது எந்த இடத்தில் சரியாக வரும், எங்கே ஏமாற்றும் என்பதைச் சிறு விவசாயியும் தெரிந்துகொள்வது நல்லது.

தாயின் பால் கணக்கு எவ்வளவு சொல்லும்?

திமிலும் நிறமும் உடல்வாகும் பார்த்து உழவு மாடு தேர்ந்தெடுப்பது நம் பக்கத்தில் வழிவழியாக வந்த பழக்கம். உழவுக்கும் வண்டிக்கும் அது பொருந்தும். பாலுக்குப் பொருந்தாது. கம்பீரமான காளையின் மகள் நிறையக் கறக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

அடுத்ததாகப் பார்ப்பது காளையின் தாயை. "இந்தக் காளையின் தாய் ஒரு ஈற்றுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் கறந்தது" என்று சொல்வார்கள். இதில் உண்மை உண்டு; ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஒரே ஊரில் ஒரே பருவத்தில் கறக்கும் மாடுகளுக்குள் காணும் பால் வேறுபாட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பிறவிக் குணத்தால் வருவது. மீதி முக்கால் பங்கும் தீவனம், தண்ணீர், நோய், கறப்பவரின் கைப்பக்குவம் ஆகியவற்றால் வருவது. அந்த நாலில் ஒரு பங்கிலும் தாயிடமிருந்து மகனுக்குப் போவது பாதியே. இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால், தாயின் ஒரே ஈற்றுப் பால் கணக்கு காளையைப் பற்றிச் சொல்லும் செய்தி, அந்தக் காளையின் ஒரே ஒரு மகளின் பால் கணக்கு சொல்லும் செய்திக்குத்தான் சமம். இரண்டும் 100க்கு 6 பங்கு அளவே நம்பத்தக்கவை. 15 மகள்களின் கணக்குக் கிடைத்தால் அது 50 பங்காக உயர்கிறது.

இதனால்தான் காளையின் மகள்களைப் பல வீடுகளில் கறக்கவிட்டு அளந்து பார்க்கும் வழக்கம் வந்தது. இதற்குச் சந்ததிச் சோதனை என்று பெயர். அளந்த பாலை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

தாயையும் மகளையும் ஒப்பிடும் முறை

எல்லாவற்றிலும் பழைய முறை இது. தாய் எவ்வளவு கறந்தது, அதே தாய்க்கு இந்தக் காளை மூலம் பிறந்த மகள் எவ்வளவு கறக்கிறது என்று பார்ப்பார்கள். தாய் ஒரு ஈற்றுக்கு 1,500 லிட்டர், மகள் 1,800 லிட்டர் என்றால் 300 லிட்டர் கூடுதல். மகள் என்பது தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் நிற்பது என்று கொண்டு, காளையின் மதிப்பை 2,100 லிட்டர் என்று எழுதுவதும் உண்டு.

கணக்கு எளிது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது காலம். தாய் தலையீத்தில் கறந்ததற்கும் மகள் தலையீத்தில் கறப்பதற்கும் நடுவில் நாலைந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தாய் கறந்த ஆண்டில் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, வெறும் சோளத்தட்டையைத் தின்று கறந்திருக்கலாம். மகள் கறக்கும் ஆண்டில் கிணறு நிறைந்து பசுந்தீவனம் கிடைத்திருக்கலாம். மழை கொடுத்த பாலைக் காளையின் பெயரில் எழுதுவது நியாயம் ஆகாது.

இரண்டாவது இனம். தாய் நாட்டு மாடு, மகள் ஜெர்சி கலப்பினம் என்றால், எந்த ஜெர்சிக் காளையைப் போட்டிருந்தாலும் மகள் கூடுதலாகத்தான் கறக்கும். அது இனக்கலப்பால் வந்த லாபம். பத்து ஜெர்சிக் காளைகளில் சிறந்தது எது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. பத்தும் நல்ல காளைகளாகவே தோன்றும்.

மகள்களின் சராசரி மட்டும் போதுமா?

தாயை விட்டுவிட்டு மகள்களின் சராசரியை மட்டும் எடுத்தால் என்ன என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

முதல் காளையின் மகள்கள் பெரும்பாலும் ஆத்தூர், வத்தலக்குண்டு பக்கம் இருக்கின்றன. அங்கே நெல் வைக்கோலும் வரப்புப் புல்லும் கிடைக்கும். அவற்றின் சராசரி ஈற்றுக்கு 2,200 லிட்டர். இரண்டாவது காளையின் மகள்கள் வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கத்து மானாவாரி ஊர்களில் இருக்கின்றன. சராசரி 1,900 லிட்டர். சராசரியை மட்டும் பார்த்தால் முதல் காளைக்கே பரிசு கொடுக்க வேண்டும்.

இப்போது பக்கத்து வீட்டு மாடுகளைப் பாருங்கள். ஆத்தூர்ப் பக்கம் மற்றக் காளைகளின் மகள்கள் 2,250 லிட்டர் கறக்கின்றன. அதாவது முதல் காளையின் மகள்கள் அக்கம்பக்கத்தை விட 50 லிட்டர் குறைவு. வேடசந்தூர்ப் பக்கம் மற்றக் காளைகளின் மகள்கள் 1,700 லிட்டர்தான் கறக்கின்றன. இரண்டாவது காளையின் மகள்கள் 200 லிட்டர் அதிகம். உண்மையில் மேலானது இரண்டாவது காளை.

ஒரே ஊர், ஒரே பருவம்

மேலே சொன்ன ஒப்பீட்டையே முறைப்படுத்தி, 1954ல் இங்கிலாந்தில் ராபர்ட்சன், ரெண்டெல் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஒரே பண்ணையில், ஒரே ஆண்டில் தலையீத்துக் கறக்கும் கிடேரிகளில், இந்தக் காளையின் மகள்களை மற்றக் காளைகளின் மகள்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம். தலையீத்தை எடுப்பதற்கும் காரணம் உண்டு. குறைவாகக் கறக்கும் மாடுகள் இரண்டாம் ஈற்றுக்குள் சந்தைக்குப் போய்விடும். மீந்த நல்ல மாடுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் காளை உள்ளதை விட உயர்வாகத் தெரியும்.

ஆனால் இங்கிலாந்துப் பண்ணையில் இருந்ததுபோல ஐம்பது நூறு மாடுகள் நம் ஊரில் ஒரே கொட்டகையில் இல்லை. ஒரு வீட்டில் ஒன்று அல்லது இரண்டு. ஒற்றை மாட்டை எதனோடு ஒப்பிடுவது? ஆகவே இங்கே ஒரு பால் சங்கத்து ஊரையோ, அடுத்தடுத்த சில ஊர்களையோ சேர்த்து ஒரு பண்ணையாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. கார்த்திகை மார்கழியில் ஈன்றவை ஒரு கூட்டம். சித்திரை வைகாசியில் ஈன்றவை வேறு கூட்டம். மழைக்குப் பின் ஈன்ற மாட்டுக்குப் பச்சை கிடைக்கும். கோடையில் ஈன்ற மாட்டுக்குத் தட்டைதான்.

ஒப்பிட மாடுகள் போதுமான அளவில் இருக்கவும் வேண்டும். ஓர் ஊரில் சோதனைக் காளையின் மகள்கள் 4, மற்றக் காளைகளின் மகள்கள் 12 இருந்தால், அந்த ஊரின் சாட்சிக்கு இந்த முறையில் 3 மகள்களின் மதிப்புக் கிடைக்கும். மற்ற மகள் ஒன்றே ஒன்று இருந்தால் மதிப்பு ஒன்றுக்கும் குறைவாகப் போய்விடும். ஆகவே சோதனைக் காளையின் மகளை வளர்ப்பவரின் பால் கணக்கு எவ்வளவு முக்கியமோ, பக்கத்து வீட்டு மாட்டின் கணக்கும் அவ்வளவு முக்கியம்.

எத்தனை மகள்கள்?

ஒரு காளைக்கு 5 மகள்கள். அவை அக்கம்பக்கத்தை விட 400 லிட்டர் கூடுதல். இன்னொரு காளைக்கு 45 மகள்கள். அவை 200 லிட்டர் கூடுதல். எதை வாங்கலாம்?

சட்டென்று முதல் காளையைச் சொல்லத் தோன்றும். ஆனால் ஐந்து மாடுகள் தற்செயலாக நல்ல கைகளில் போய்ச் சேர்ந்திருக்கலாம். நாற்பத்தைந்தும் அப்படிப் போய்ச் சேருவது அரிது. இதற்கும் கணக்கு உண்டு. மகள்களின் எண்ணிக்கையை, அதே எண்ணிக்கையோடு 15ஐக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 5 மகள்களுக்கு 20ல் 5, அதாவது கால் பங்கு. 400 லிட்டரில் நம்பத்தக்கது 100 லிட்டர்தான். 45 மகள்களுக்கு 60ல் 45, அதாவது முக்கால் பங்கு. 200 லிட்டரில் 150 லிட்டரை நம்பலாம். ஆக இரண்டாவது காளையே மேல்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல், அதற்குப் பின்னால் எத்தனை மகள்கள் நிற்கின்றன என்று பார்ப்பதே இதில் கற்க வேண்டியது.

மகள்களைச் சேர்ப்பது அவ்வளவு எளிதல்ல. ஒரு காளையின் 1,000 விந்துக் குச்சிகளைக் கிராமங்களுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஊசிக்கு ஒரு சினை என்றால் 330 கன்றுகள். பாதி காளைக் கன்று போக, கிடேரி 165. இறந்தவை, விற்றவை, சினை பிடிக்காதவை போக, அளக்கக் கிடைப்பது 80 இருந்தால் பெரிது. இது தோராயக் கணக்குத்தான்; வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அந்த மகள்கள் கறந்து முடிப்பதற்குள் காளைக்கு ஆறு ஏழு வயது ஆகிவிடும். அதுவரை அதன் விந்து திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் காத்திருக்கும்.

எதிராளி யார்?

அக்கம்பக்கத்து மாடுகளோடு ஒப்பிடும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. மற்றக் காளைகள் எல்லா ஊரிலும் ஒரே தரமானவை என்று அது எண்ணிக்கொள்கிறது. உண்மை அப்படி இல்லை.

மூன்றாவது காளையின் மகள்கள் ஓர் ஊரில் 50 லிட்டர் கூடுதல். அந்த ஊரில் இருப்பவை எல்லாம் முன்பே தேறிய உயர்ந்த காளைகளின் மகள்கள். நான்காவது காளையின் மகள்களும் வேறோர் ஊரில் 50 லிட்டர் கூடுதல்தான். ஆனால் அங்கே இருப்பவை மட்டமான காளைகளின் மகள்கள். நல்லவர்களோடு போட்டியிட்டு முந்தியதும், சாதாரணமானவர்களோடு போட்டியிட்டு முந்தியதும் ஒன்றாகுமா?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஹெண்டர்சன். அவருடைய முறைக்கு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து 'பிளப்' என்று பெயர். 1970ல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் காளைகளை மதிப்பிட அது நடைமுறைக்கு வந்தது. ஊர், ஆண்டு, பருவம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு, ஒவ்வொரு காளையின் பங்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இது பிரித்தெடுக்கிறது. எதிராளியின் தரத்தைக் கணக்கில் சேர்க்கிறது. மகள்கள் குறைந்த காளையின் மதிப்பைச் சராசரியை நோக்கி இழுத்து வைக்கிறது. ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருப்பதால் கம்ப்யூட்டர் இல்லாமல் இது நடக்காது.

இதற்கு முன்பு பரவலாக இருந்த 'மீச்சிறு வர்க்க' முறையும் ஊரையும் பருவத்தையும் பிரித்தெடுக்கக்கூடியதே. ஆனால் மகள்கள் 5 என்றாலும் 50 என்றாலும் அது ஒரே கண்ணோடு பார்க்கிறது. நாலு மகள்கள் உள்ள காளை அதிர்ஷ்டத்தால் பட்டியலின் உச்சியில் ஏறிவிடக்கூடும்.

எந்த முறையானாலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு காளையின் மகள்கள் பல ஊர்களில் இருக்க வேண்டும். ஓர் ஊரில் பல காளைகளின் மகள்கள் இருக்க வேண்டும். ஓர் ஊருக்கு ஒரே காளையின் விந்து மட்டும் போனால், பால் குறைவது ஊரின் குறையா காளையின் குறையா என்பதை எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது.

உறவு மாடுகளும் மாதப் பாலும்

காளைகளை மட்டும் பார்க்காமல் தாய், பாட்டி, அக்கா, தங்கை என்று உறவு மாடுகள் எல்லாவற்றின் கணக்கையும் சேர்த்துப் போடும் முறை அடுத்து வந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1989ல் இதற்கு மாறியது. உயர்ந்த பசுக்களுக்கு மட்டும் ஒரு காளையைப் போட்டுவிட்டு, மகள்களின் பாலைக் காட்டிக் காளைக்குப் பெயர் வாங்கும் வேலை இதில் செல்லாது. ஆனால் தாயின் கணக்கு எழுதி வைக்காத ஊரில் இந்த முறையின் பலன் முழுமையாகக் கிடைக்காது.

இன்னொரு முன்னேற்றம் சிறு விவசாயிக்கு நேரடியாகப் பயன்படுவது. பழைய முறைகளில் 305 நாள் பாலைக் கூட்டி ஒரே எண்ணாகக் கொண்டார்கள். நம் பக்கத்தில் பல மாடுகள் அத்தனை நாள் ஒரே வீட்டில் நிற்பதில்லை. கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, தீவனத் தட்டுப்பாடு என்று ஏதேனும் வந்தால் நாலாம் மாதமே ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ மணப்பாறைச் சந்தைக்கோ போய்விடும். மாதம் ஒரு நாள் அளந்த பாலை அப்படியே கணக்கில் எடுக்கும் முறையில், நாலு மாதம் அளந்தது நாலு சாட்சியாக நிற்கும், வீணாகாது.

மரபணுச் சோதனை வந்தால் அளவை தேவையில்லையா?

கன்றின் இரத்தம் அல்லது முடியை எடுத்து மரபணுக்களை ஆராய்ந்து, அது வளரும் முன்பே தரத்தைக் கணிக்கும் வழியை 2001ல் மூன்று விஞ்ஞானிகள் எழுதினார்கள். 2009ல் அமெரிக்கா அதை அரசுக் கணக்காக ஏற்றது. இந்தியாவில் நாட்டுப் பசு இனங்களுக்குக் 'கௌ சிப்', எருமைகளுக்கு 'மகிஷ் சிப்' என்ற மரபணுச் சோதனைச் சில்லுகள் 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டன.

இது வந்ததால் ஆறு ஏழு ஆண்டு காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் எந்த மரபணு அமைப்பு அதிகப் பால் தருகிறது என்று சில்லுக்குச் சொல்லிக் கொடுப்பதே மாடுகளின் பால் கணக்குத்தான். அமெரிக்க மாட்டின் கணக்கை வைத்துக் கற்ற பாடம், வேடசந்தூர் வெயிலில் தட்டை தின்று கறக்கும் கலப்பினப் பசுவுக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊர் மாட்டை நம் ஊரில்தான் அளக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஒன்றிரண்டு மாடு உள்ள வீடுகளில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயம் இயற்கை. கொடைக்கானல் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் 1963ல் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியுடன் கால்நடைத் திட்டம் தொடங்கியது. அதில் உருவான கலப்பினத்துக்குச் 'சுனந்தினி' என்று பெயர். கேரளத்திலும் மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு வைத்திருக்கும் சிறு குடும்பத்தார்தான். அவர்கள் வீட்டு மகள் பசுக்களின் பாலை அளந்தே அங்கு காளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்பது அரசின் கொள்கை. 2012ல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், ஜெர்சி கலப்பினக் காளைகளுக்கான சந்ததிச் சோதனையைத் தமிழ்நாட்டில் ஆவின் ஏற்று நடத்தியது. கிராமங்களில் மகள் பசுக்களுக்குக் காது வில்லை போட்டு, மாதந்தோறும் வீடு தேடிச் சென்று பால் அளக்கும் முறை அதில் பின்பற்றப்பட்டது.

முறைகளை ஒப்பிட்டால்

கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், ஒரே மந்தையின் கணக்குகளைப் பல முறைகளாலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொதுவாகத் தெரிய வந்தது இது: காளைகளின் வரிசை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முறைக்கு முறை அதிகம் மாறுவதில்லை. கடைசியில் நிற்கும் காளை எந்த முறையிலும் கடைசிப் பக்கமே நிற்கும். ஆனால் முதல் நாலைந்து இடங்களில் யார் என்பது மாறிவிடுகிறது. ஊசிக்கு எடுப்பது அந்த முதல் நாலைந்து காளைகளைத்தான். ஆகவே அந்த மாறுதல் சிறிதல்ல.

அதுவும் ஒரே பண்ணையில், ஒரே கொட்டகையில் நிற்கும் மாடுகளில் கண்டது. நூறு ஊர்களில் நூறு விதத் தீவனம் தின்னும் மாடுகளில் தாய்–மகள் ஒப்பீடும் வெறும் சராசரியும் இன்னும் அதிகமாகத் தடம் புரளும். சுருங்கச் சொன்னால், சிதறிக் கிடக்கும் சிறு கொட்டகைகளுக்கு ஏற்றது, ஊரையும் பருவத்தையும் எதிராளியையும் மகள்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் 'பிளப்' வழி முறைகளே.

எந்த முறையாலும் திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. அது பொய்க் கணக்கு. அளக்க வரும் நாளில் மட்டும் கூடுதலாகப் பருத்திக்கொட்டை வைப்பது, முதல் நாள் மாலை பாலை மடியில் விட்டு வைப்பது, அளக்காமலே எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்வது ஆகியவை அந்த வீட்டுக்கு அன்றைக்குப் பெருமையாக இருக்கலாம். அதனால் உயர்ந்துவிட்ட மட்டமான காளையின் விந்து, சில ஆண்டு கழித்து அதே ஊர்ச் சொசைட்டி மாடுகளுக்குத்தான் திரும்பி வரும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. ஊசி போடும்போது விந்துக் குச்சியைக் கேட்டுப் பாருங்கள். அதன்மேல் காளையின் எண், இனம், தயாரித்த நிலையம், தேதி அச்சிட்டிருக்கும். காளை எண்ணையும் ஊசி போட்ட நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

2. கன்று பிறந்ததும் அதன் தகப்பன் எண்ணைக் கன்றின் பெயருக்கு நேரே எழுதுங்கள். அந்தக் கிடேரி பருவத்துக்கு வரும்போது தகப்பன் காளையின் விந்தையே அதற்குப் போட்டுவிடாமல் தவிர்க்க இந்த ஒரு வரி உதவும். தகப்பனும் மகளும் சேர்ந்தால் கன்று நலிந்து பிறக்கும். வளர்ச்சியும் பாலும் குறையும்.

3. காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்தான் மாட்டின் அடையாளம். வில்லை விழுந்துவிட்டால் உடனே சொல்லி மறுவில்லை போட வேண்டும். வில்லை இல்லாத மாட்டின் பால் எந்தக் காளையின் கணக்கிலும் சேராது.

4. பால் அளக்க வருபவருக்குக் காலை, மாலை இரு வேளையும் இடம் கொடுங்கள். வழக்கமான தீவனம், வழக்கமான நேரம், வழக்கமான கை. மாடு அன்று காய்ச்சலில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

5. சோதனைக் காளையின் விந்து என்றதும் பயப்பட வேண்டாம். சோதனைக்கு எடுக்கும் இளங்காளைகள் நல்ல பெற்றோருக்குப் பிறந்தவை. அவற்றில் சில சராசரிக்கு மேல் இருக்கும். சில கீழ் இருக்கும். மொத்தத்தில் ஊருக்கு நட்டம் வராது. எல்லோரும் தேறிய காளையையே கேட்டால் அடுத்த தலைமுறைக் காளையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்காது.

6. காளைப் பட்டியலைப் பார்க்கக் கிடைத்தால், இனப்பெருக்க மதிப்பு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நம்பகத்தன்மை என்ற சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். தாயின் பால் மட்டும் எழுதியிருந்தால், அந்தக் காளை இன்னும் சோதிக்கப்படாதது என்று பொருள்.

7. கிடேரிக் கன்றே பிறப்பதற்கான, பாலினம் பிரித்த விந்துக் குச்சி போட்டால் 100க்கு 90 கன்றுகள் வரை கிடேரியாகப் பிறக்கும். கிடேரி பிறப்பது நிச்சயம் என்றால், அது யாருடைய மகள் என்பது முன்னிலும் முக்கியம். அங்கேயும் காளையின் எண்ணைக் கேளுங்கள்.

8. மாட்டை விற்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். தகப்பன் எண்ணும் மாதப் பால் கணக்கும் உள்ள மாட்டை வாங்குபவர் நம்பி விலை பேசலாம்.

நல்ல காளை கிடைத்தாலும் நல்ல தீவனம் இல்லாவிட்டால் பால் வராது என்பது உண்மை. ஆனால் அதே தட்டைக்கும் அதே தவிட்டுக்கும், நல்ல காளையின் மகள் அரை லிட்டர் கூடக் கறந்தால், 300 நாளைக்கு அது 150 லிட்டர். அதற்காகக் கூடுதல் நிலமோ கூடுதல் கிணறோ வேண்டியதில்லை. ஊசி போடும் அன்று ஒரு கேள்வியும், மாதம் ஒரு நாள் உண்மையான அளவையுமே வேண்டும்.

தங்கள் பகுதிக்கு வரும் விந்துக் குச்சிகள் எந்தக் காளைகளுடையவை, அவை சோதிக்கப்பட்டவையா என்ற விவரங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ பால் கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.